எல்லைக் கோடு யார் கையில்?

(மாநகராட்சி வட்டக் கழகச் செயல்வீரர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேர்தல் என்றதும் நம் கண்முன் தோன்றுவது எது? சுவரெழுத்து, தோரணம், மேடை, முழக்கம், வாக்குச்சாவடி வாசலில் வெயிலையும் பொருட்படுத்தாது நிற்கும் வரிசை, எண்ணி முடித்த இரவில் வானைப் பிளக்கும் அதிர்வேட்டு! ஆனால் இவையெல்லாம் நாடகத்தின் கடைசிக் காட்சி. நாடகம் எழுதிப் பழகியவன் நான். கடைசிக் காட்சியில் எவன் வாழ்வான், எவன் வீழ்வான் என்பதைத் திரை தூக்குவதற்குப் பல நாள் முன்பே எழுதி முடித்துவிடுகிறோம். மேடையிலே நடிகர் எத்துணை உருக்கமாகப் பேசினாலும் முடிவு மாறப் போவதில்லை.

தேர்தலுக்கும் அவ்வாறு திரைமறைவில் எழுதப்படும் ஒரு காட்சி உண்டு. அங்கே கூட்டம் இல்லை, கொடி இல்லை, கோஷம் இல்லை. ஒரு மேசை, மேசைமீது நகரத்தின் வரைபடம், பக்கத்திலே மக்கள் தொகைக் கணக்கு, கையிலே ஒரு பென்சில். அவ்வளவுதான்! அந்தப் பென்சில் ஒரு தெருவை இந்த வட்டத்தில் தள்ளும், அடுத்த தெருவை அந்த வட்டத்தில் சேர்க்கும், ஒரு குப்பத்தை நடுவிலே பிளக்கும். பென்சில் கீழே வைக்கப்படும்போது, பாதித் தேர்தல் முடிந்துவிட்டது என்று பொருள். நாமோ அதற்குப் பிறகுதான் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் புறப்படுகிறோம்!

மிகைப்படுத்துகிறான் என்று எண்ணுகிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். எனக்கே புரியும் கணக்கு உங்களுக்குப் புரியாமற் போகாது.

ஓர் ஊர். ஆயிரம் வாக்காளர்கள். பத்து வட்டங்கள், வட்டத்துக்கு நூறு பேர். ஆயிரம் பேரில் நம்மவர் நானூறு, எதிரிகள் அறுநூறு. நியாயம் என்ன? நான்கு இடம் நமக்கு, ஆறு இடம் அவர்களுக்கு. ஆனால் கோடு கிழிப்பவன், நம்மவரைப் பத்து வட்டத்துக்கும் நாற்பது நாற்பதாகப் பிரித்து வைத்துவிட்டான் என்று கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் அறுபதுக்கு நாற்பது. நமக்குக் கிடைப்பது பூஜ்யம்! அது உடைக்கும் வித்தை. சரி, அடைக்கும் வித்தை என்று இன்னொன்று இருக்கிறது. நம்மவரில் நூற்றுத் தொண்ணூறு பேரைத் திரட்டி இரண்டே வட்டத்தில் அடைத்து, தொண்ணூற்றைந்து தொண்ணூற்றைந்தாக வைத்துவிட்டு, மீதிப்பேரை எட்டு வட்டத்தில் தூவிவிட்டால், நமக்கு இரண்டு இடம். அந்த இரண்டிலே நாம் பெறும் வெற்றியோ இமாலய வெற்றி. மாலை போட்டு ஊர்வலம் விடுவோம், எட்டைப் பறிகொடுத்தது தெரியாமலே! பென்சில் நம் பக்கத்து ஆளின் கையில் இருந்தால்? ஏழு வட்டத்தில் ஐம்பத்தைந்து ஐம்பத்தைந்தாக நம்மவரை அமர்த்தி, அதே நானூறு பேரைக்கொண்டு ஏழு இடத்தைப் பிடித்துவிடுவான்!

அதே ஊர், அதே மக்கள், அதே வாக்கு. பூஜ்யமும் ஆகும், இரண்டும் ஆகும், நான்கும் ஆகும், ஏழும் ஆகும். ஒருவரது மனத்தையும் மாற்றவில்லை, கோட்டைத்தான் மாற்றினார்கள்.

இந்த வித்தைக்கு அமெரிக்க நாட்டிலே பெயரே வைத்துவிட்டார்கள். 1812இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெர்ரி என்பார், தம் கட்சிக்கு ஏற்றவாறு தொகுதிகளை வளைத்து நெளித்த சட்டத்துக்குக் கையொப்பமிட்டார். அதில் ஒரு தொகுதியின் வடிவம், பல்லி இனத்தைப் போலத் தோன்றும் சாலமாண்டர் என்ற பிராணியைப் போல இருந்ததாம். பாஸ்டன் நகரத்து ஏடு ஒன்று அதற்குச் சிறகும் நகமும் வரைந்து, ஜெர்ரியின் பெயரையும் பிராணியின் பெயரையும் ஒட்டவைத்து 'ஜெர்ரிமாண்டர்' என்று பெயர் சூட்டியது. பாவம், அந்த மனிதர் பிற்காலத்தில் அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராகவும் இருந்தார். அது யாருக்கும் நினைவில்லை. பல்லிதான் நிலைத்தது!

நான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புவது அந்தப் பழங்கதையை அன்று. சிகாகோ நகரத்தின் கதையை.

சிகாகோ, 50 வார்டுகள் கொண்ட மாநகரம். வார்டுக்கு ஒரு உறுப்பினர், 'ஆல்டர்மன்' என்பார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் தொகைக் கணக்கு எடுத்ததும் வார்டு எல்லைகளைத் திருத்தியாக வேண்டும். திருத்துபவர் யார்? அந்த உறுப்பினர்களேதாம்! தேர்வு எழுதப்போகும் மாணவனிடமே கேள்வித்தாளைத் தயாரிக்கச் சொல்வது போன்ற ஏற்பாடு.

1970இல் அந்நகரில் நூற்றுக்கு 33 பேர் அளவில் இருந்த கறுப்பின மக்கள், 1980 கணக்கிலே ஏறத்தாழ 40 பேர் ஆயினர். ஸ்பானிய மொழி பேசும் குடியினர் 14 பேர். வெள்ளையர் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. கறுப்பின மக்கள் பெருகினார்கள் அல்லவா, அவர்கள் பெரும்பான்மையாக உள்ள வார்டுகளும் பெருகியிருக்க வேண்டுமல்லவா? 1981இல் புதிய வரைபடம் வந்தது. பெருகவில்லை, தோழர்களே! 19ஆக இருந்தது 17ஆகக் குறைந்தது! மக்கள் கூடினர், வார்டுகள் குறைந்தன. கணிதத்தையே தலைகீழாக நிறுத்திய அந்த மேதை யார் என்று கேட்கிறீர்களா? தாமஸ் கீன் என்பவர். முன்னாள் ஆல்டர்மன், மாமன்றத்தின் நிதிக்குழுவை ஆண்டவர், 1974இல் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றுச் சிறை சென்று மீண்டவர். சிறை மீண்டவரை அழைத்து, 'ஐயா, நகரத்தைப் பங்கு போட்டுத் தாரும்' என்று பென்சிலைக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பாத்திரத்தை நான் நாடகத்திலே படைத்திருந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று நீங்களே கூறியிருப்பீர்கள்.

கறுப்பின மக்களும் ஸ்பானிய மொழியினரும் வழக்குத் தொடுத்தனர். 1982 டிசம்பரில் கீழ் நீதிமன்றம் படத்தைச் சிறிது திருத்தியது. பெயரளவுக்குப் பெரும்பான்மை வரும்படியாகச் சில வார்டுகளின் ஓரத்தை நறுக்கித் தைத்தது. அந்தப் படத்தின்படியே 1983 தேர்தல் நடந்தது.

அந்தத் தேர்தலில்தான் அதிசயம் நிகழ்ந்தது. ஹெரால்டு வாஷிங்டன் என்னும் கறுப்பினத் தலைவர், நகரம் முழுவதும் வாக்களித்த மேயர் தேர்தலிலே வென்றார். சிகாகோவின் முதல் கறுப்பின மேயர்! நகரமே ஆடிப் பாடிற்று. ஆனால் மாமன்றத்துக்குள் காலெடுத்து வைத்தபோது அவர் கண்டது என்ன? ஐம்பது பேரில் அவரை ஆதரிப்பவர் 21 பேர். எதிர்ப்பவர் 29 பேர். மேயருக்கு வாக்களித்தபோது நகரத்துக்கு எல்லைக் கோடு கிடையாது, மக்கள் வென்றனர். உறுப்பினருக்கு வாக்களித்தபோது கீனின் கோடு குறுக்கே நின்றது; கோடு வென்றது!

1983 மே 2ஆம் நாள் கூடிய மன்றத்தின் முதற் கூட்டத்தில், மேயர் கூட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்து வெளியேறினார். 29 பேரும் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கூட்டத்தைத் தொடர்ந்து, குழுக்கள் அனைத்தின் தலைமையையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டனர். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள்... ஆம், மூன்று ஆண்டுகள்! மேயர் ஒரு பதவிக்கு ஆள் நியமித்தால் குழுவிலே முடக்குவர். மேயர் திட்டம் கொண்டுவந்தால் மறுப்பர். அவர்கள் தீர்மானம் நிறைவேற்றினால் மேயர் தம் மறுப்புரிமையைப் பயன்படுத்துவார். அதை முறியடிக்க 34 வாக்கு வேண்டும், அவர்களிடம் 29தான். அவரும் செய்ய முடியவில்லை, இவர்களும் செய்ய முடியவில்லை. 'மாமன்றப் போர்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். அந்த 29 பேர் எந்தக் கட்சி? எதிர்க்கட்சி என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அவர்களைத் தலைமை தாங்கி நடத்திய எட்வர்டு விர்டோலியாக், வாஷிங்டன் இருந்த அதே ஜனநாயகக் கட்சியின் மாவட்டத் தலைவர்! கீன் அந்தக் கட்சிக்காரர். கோட்டை அமைத்த மேயர் ஜேன் பைர்ன் அம்மையார் அந்தக் கட்சிக்காரர். வெட்டியவரும் வெட்டுப்பட்டவரும் ஒரே கொடியின்கீழ் நின்றவர்கள். இதைச் சொல்லும்போது மண்டபத்தில் சற்று அமைதி நிலவுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். பிறகு வருகிறேன் அதற்கு.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. 1984 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பிலே ஒரு நுணுக்கம் உண்டு. நாம் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய நுணுக்கம். கீழ் நீதிமன்றம் நூற்றுக்கு 50க்குச் சற்று மேலே இருந்தால் போதும், அது பெரும்பான்மை என்றது. மேல் நீதிமன்றமோ, அது ஏட்டுப் பெரும்பான்மை, வாக்குப் பெட்டியில் அது செல்லாது என்றது. காரணம் என்ன? ஒடுக்கப்பட்ட மக்களிடையே குழந்தைகள் அதிகம், ஆகவே வாக்குரிமை வயதினர் குறைவு. வயது வந்தாலும் பட்டியலில் பெயர் பதிந்தவர் குறைவு. பதிந்தாலும் அன்றாடங் காய்ச்சியாக உள்ளவர் சாவடிக்கு வருவது குறைவு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள், 50 என்பது 65 ஆகும். நூற்றுக்கு 65 பேர் இருந்தால்தான் தாம் விரும்பும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அம்மக்களுக்கு மெய்யாகவே இருக்கிறது என்பது அந்தக் கணக்கு. மக்கள் தொகைப் பட்டியலில் ஒரு குடும்பம் ஐந்து உயிர். வாக்காளர் பட்டியலில் அது இரண்டு பெயர். வாக்குச்சாவடியில் அது ஒரு விரல் மை! இந்த இறக்கத்தை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதிவைப்பதில்லை. அந்த நீதிபதிகள் எழுதினார்கள்.

படம் மீண்டும் வரையப்பட்டது. ஏழு வார்டுகளுக்கு மட்டும் தனித்தேர்தல் ஆணையிடப்பட்டு, 1986 மார்ச் 18இல் நடந்தது. இரண்டு வார்டுகளில் முடிவு தெளிவாகாமல் ஏப்ரல் 29இல் மறுமுறை வாக்கெடுப்பு. ஏழில் நான்கை வாஷிங்டன் அணி பிடித்தது. 21ம் 4ம் 25. எதிரே 25. சமநிலை வந்தால் முடிவு செய்யும் வாக்கு யாருடையது? மேயருடையது! மூன்று ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவு திறந்தது. மக்கள் மனம் மாறியதால் அன்று. ஏழு வார்டுகளின் எல்லை மாறியதால். ஆனால் அந்த நல்லவர் அதன் பயனை நெடுநாள் துய்க்கவில்லை. 1987 ஏப்ரலில் மறுபடி வென்றார். நவம்பர் 25இல் அலுவலக மேசையிலேயே மாரடைப்பால் சாய்ந்தார். 1981இல் ஒருவர் போட்ட கோட்டைத் திருத்த ஐந்தாண்டு. திருந்திய மன்றத்தோடு அவர் பணியாற்றியது ஒன்றரை ஆண்டு.

அதன்பிறகு அந்நகரம் திருந்திவிட்டதா என்று கேட்டால், முழுமையாக இல்லை. 2012இல் வரைந்த படத்திலே, ஆட்சியோடு அடிக்கடி முரண்பட்டு வந்த 2ஆம் வார்டு உறுப்பினர் ஒருவர் காலையில் எழுந்து பார்த்தபோது, அவருடைய வார்டு அவர் வாழும் பகுதியை விட்டே பெயர்ந்து நகரத்தின் வடபுறம் போய் உட்கார்ந்திருந்தது! நாட்டை விட்டு அரசனைத் துரத்துவது பழைய முறை. அரசனை விட்டுவிட்டு நாட்டைத் துரத்துவது புதிய முறை. இங்கிள்வுட் என்னும் ஏழைக் கறுப்பின மக்களின் பகுதி ஐந்தாறு வார்டுகளுக்கிடையே சிதறிக் கிடந்தது. குப்பை அள்ளவில்லை என்று ஒருவரிடம் சென்றால், 'அந்தத் தெருவா? அது அடுத்தவருடையது' என்பார். அடுத்தவரிடம் சென்றால், அவருக்கு அது வார்டின் வால்; வாலுக்கு எவர் எண்ணெய் தடவுவார்? ஆனால் 2022இல் ஒரு நல்லது நடந்தது. சீன வழியினர் வாழும் பகுதியைச் சிதறவிடாது சேர்த்து, ஆசிய மக்கள் பெரும்பான்மையாக உள்ள வார்டு ஒன்று, 11ஆம் வார்டு, அந்நகர வரலாற்றில் முதன்முறையாக அமைக்கப்பட்டது. யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. வரைபடம் தயாரானபோது கேட்டார்கள், பெற்றார்கள்.

சரி, சிகாகோவிலிருந்து சென்னைக்கு வருவோம்.

நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை பற்றி மேடைதோறும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும்; தமிழகத்தின் குரல் டில்லியில் தேயாதிருக்கப் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் தோழரை வழியிலே நிறுத்தி, 'தம்பி, உன் வட்டத்தின் வடக்கெல்லை எந்தத் தெரு?' என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார்! டில்லியின் எல்லை தெரிகிறது, தெருவின் எல்லை தெரியவில்லை. 1959இல் சென்னை மாநகராட்சியின் 100 இடங்களில் 45ஐ அண்ணாவின் தலைமையில் கழகம் கைப்பற்றியதே, அன்றைய தோழன் தன் வட்டத்தைத் தன் உள்ளங்கை போல அறிந்திருந்தான்.

2011இல் நம் நகரத்துக்கு நேர்ந்ததை நினைவூட்டுகிறேன். 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சென்னையோடு இணைக்கப்பட்டன. பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வட்டங்கள் 200. அதில் பழைய சென்னைக்கு எத்தனை? அதுவரை 155 வட்டம் பெற்றிருந்த பழைய நகரம் 107ஆகச் சுருக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த பகுதிக்கு 93. அதே 2011 கணக்கின்படி பழைய நகரத்தில் 46 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். புதிய பகுதியில் ஏறத்தாழ 20 இலட்சம். வகுத்துப் பாருங்கள்! பழைய நகரத்திலே ஒரு வட்டத்துக்கு 43,000 பேர். புதிய பகுதியிலே 21,000 பேர். பெரம்பூரிலே இரண்டு பேர் சேர்ந்து தூக்கிய வாக்கை அம்பத்தூரிலே ஒருவர் தூக்கினார் என்று பொருள். அம்பத்தூர்த் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அதிகம் தந்தது தவறு என்று நான் கூறவில்லை. சாலையும் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் இல்லாத பகுதிக்கு உறுப்பினர் கூடுதலாக வேண்டும் என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை யார் வைத்தார்கள், எங்கே வைத்தார்கள், நாம் எப்போது கேட்டோம்? கோடு போட்ட பிறகுதான் கூட்டம் போட்டோம்.

அதன் பிறகு நடந்தது அதைவிடக் கசப்பு. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தலை, இட ஒதுக்கீட்டு முறையில் கண்ட குறைக்காக உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2017இல் மறுவரையறை ஆணையம் அமைந்தது. 2011 மக்கள் தொகையைக் கொண்டு வட்டங்களை மீண்டும் வரையலாயிற்று. வழக்கு ஒருபுறம், வரைபடம் ஒருபுறம், சாக்கு ஒருபுறம். மாநகராட்சித் தேர்தல் நடந்தது எப்போது? 2022 பிப்ரவரி 19ஆம் நாள்! ஐந்தாண்டுக்கு மேல் இந்த மாநகரத்துக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. 2019 கோடையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தாய்மார்கள் காத்துக் கிடந்தார்களே, அன்று கதவைத் தட்டக் கவுன்சிலர் வீடு இல்லை. 2020இல் கொள்ளைநோய் வந்து தெருவைத் தகரத்தால் அடைத்தார்களே, அன்றும் இல்லை. 2021 நவம்பரில் வெள்ளம் வந்ததே, அன்றும் இல்லை. மன்றத்தின் காலம் முடியுமுன்பே அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. ஏட்டிலே இருக்கிறது அது.

யார்மீது எவ்வளவு குற்றம் என்று பங்கிட நான் இன்று வரவில்லை. அதற்கு வேறு மேடைகள் உள்ளன, வேறு பேச்சாளர்களும் உள்ளனர்!

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தீவுத்திடலுக்கு அருகே கூவக்கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. 2011 கணக்கெடுப்பில் அந்தக் குடும்பம் அங்கே எண்ணப்பட்டது. 2019 இறுதியில் அங்கிருந்த குடும்பங்களைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் மாநகராட்சிக்குள் இல்லை, அது ஊராட்சி. ஆனால் 2022 தேர்தலுக்குரிய வட்டங்களை வரைந்தது எந்தக் கணக்கைக் கொண்டு? 2011 கணக்கைக் கொண்டு! ஆள் போய்விட்டான், அவனுடைய எண் மட்டும் கூவக்கரையில் நின்றது. எண்ணுக்கு உறுப்பினர் உண்டு, ஆளுக்கு இல்லை. அடுத்த கணக்கில் அவன் பெரும்பாக்கத்தில் எண்ணப்படுவான். கூவக்கரை வட்டத்தின் தொகை குறையும். குறைந்ததும் அந்த வட்டத்தைப் பக்கத்து வட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பார்கள். இடித்தவர் புல்டோசரால் ஒருமுறை இடித்தார். பென்சில் இரண்டாம் முறை இடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆதித்திராவிடர்க்குரிய இடங்கள் அவர்களுடைய தொகைக்கு ஏற்ப ஒதுக்கப்பட வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. எந்த வட்டம் என்பதை முடிவு செய்யும்போது, அம்மக்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். ஒரு குடியிருப்பை முழுமையாக ஒரே வட்டத்தில் வைத்தால் அந்த விழுக்காடு உயரும். நடுத்தெருவை எல்லையாக்கி இருபுறமும் பிளந்தால், இரண்டு வட்டத்திலும் தாழும். பிளந்தவன் சாதியை எங்குமே எழுதவில்லை, தெருப்பெயரைத்தான் எழுதினான்! நான் முன்பு சொன்ன உடைக்கும் வித்தை இதுதான்.

சிகாகோ மக்களுக்கு நீதிமன்றம் இருந்தது; தாமதமாகவேனும் திருத்தியது. நமக்கு? தொகுதி வரையறை பற்றிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்த்து வினவலாகாது என்று அரசியல் சட்டத்தின் 243-இசட்.ஜி பிரிவு தடுத்து நிற்கிறது. கதவு முழுவதும் அடைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வழக்கறிஞர்கள் ஏதேனும் சந்து கண்டுபிடிப்பார்கள். ஆனால் அகலத் திறந்த கதவு அன்று அது. நமக்கென உள்ள வாய்ப்பு ஒன்றே: வரைவுப் பட்டியல் வெளியாகி, ஆட்சேபனை கேட்கும் அந்தச் சில நாட்கள். அந்த நாட்களில் நம் தோழர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால்... நானும்தான் எங்கே இருந்தேன்? நாடக ஒத்திகையில் இருந்தேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி, சற்றுமுன் தள்ளிவைத்ததற்கு வருகிறேன்.

கீன் எதிர்க்கட்சியின் ஆள் அன்று என்றேன். நமது ஆட்சி நடக்கும் காலத்திலும் வட்டங்கள் வரையப்படலாம். அப்போது நம்மிலேயே ஒரு தோழர், 'அந்தத் தெருவை அடுத்த வட்டத்தில் தள்ளிவிடுங்கள், அங்கே நம் இன்னொரு தோழர் வீடு இருக்கிறது, அவர் எனக்குப் போட்டி' என்று அதிகாரியின் காதோடு பேசுவார். பேசமாட்டார் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்கிறேன்! யாரும் சொல்லவில்லையே! 2ஆம் வார்டைப் பெயர்த்து வடக்கே கொண்டுபோனவர்கள் செய்தது அதுதான். அப்படிக் கேட்டு வரும் தோழர், என்னைவிட நாலு தேர்தல் கூடுதலாகக் கண்டவராகவும் இருப்பார். இருந்தாலும் சொல்கிறேன்: அத்தகைய கோரிக்கை ஒன்றும் கழகத்தின் பெயரால் போகக்கூடாது. எழுத்து மூலமாக, எல்லோரும் பார்க்க, காரணத்தோடு தர முடிந்த ஆட்சேபனையை மட்டும் தருவோம். இந்தக் குப்பம் ஒன்றாக இருக்க வேண்டும், இந்த ரயில் பாதையைத் தாண்டி மக்கள் வந்துபோக வழி இல்லை, இந்த வட்டத்தில் பக்கத்து வட்டத்தைவிட இவ்வளவு பேர் கூடுதல் என்று சொல்வோம். 'எங்கள் ஆள் வெல்லமாட்டார்' என்பது ஆட்சேபனை ஆகாது. இதனால் சில இடங்களை இழப்போம் என்று ஒரு தோழர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. இழக்கலாம். கோட்டால் பிடித்த 29 இடமும் அவர்களுக்கு என்ன தந்தது? மூன்றாண்டுச் சண்டை தந்தது.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடக்காமலே போயிற்று. 2025 ஜூனில் வெளியான அறிவிக்கை, 2027 மார்ச் 1ஆம் நாளைக் கணக்கு நாளாகக் குறித்தது. அந்த எண்கள் வெளிவரும் நாளில், எங்கோ ஒரு மேசைமீது நம் நகரத்தின் படம் மீண்டும் விரிக்கப்படும். மேசைக்கு முன் அமரும் அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். அவர் கையில் இருப்பது தெருப்பட்டியல். எந்தத் தெருவின் சாக்கடை எந்தத் தெருவில் போய் விழுகிறது, எந்தக் குப்பத்துப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குச் செல்கிறார்கள், எந்த நகர் இடிக்கப்பட்டு எங்கே போயிற்று என்பது பட்டியலில் இராது. அது உங்களிடம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. கணக்கெடுப்பாளர் வரும்போது, மாடிப்படியின்கீழ் வாழும் குடும்பமும், நடைபாதையில் வாழும் குடும்பமும் விடுபடாமல் எண்ணப்படுகிறார்களா என்று பாருங்கள். விடுபட்டவன் அடுத்த கணக்குவரை எந்த வரைபடத்திலும் இல்லை. அடுத்து, இந்த மாதத்துக்குள் ஒவ்வொரு வட்டச் செயலாளரும் தம் வட்டத்தின் நான்கெல்லையையும் காலால் நடந்து பாருங்கள். வண்டியில் அன்று, காலால்! தெருப்பெயர்களை வரிசையாக எழுதுங்கள். பிளவுபட்ட குடியிருப்பு எது, இடிபட்ட குடியிருப்பு எது என்று குறியுங்கள். அடுத்த கூட்டத்துக்குத் துண்டு எடுத்துவர மறந்தாலும் அந்தத் தாளை எடுத்துவர மறவாதீர்கள். பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் சென்றுவிட்ட குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் எந்தத் தோழரிடமாவது இருந்தால், அவர் இன்று இரவே என்னைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். மேடைக்குப் பின்புறம் இருப்பேன்.